லாபம், ரெண்டு, மூணு, நாலு

ஜூன் 3, திங்கள்

காலையில் ஒருவர் வந்து கேட்டைத் தட்டினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பை, கையில் செல்போன், முகத்தில் திருத்தலத்துக்கு வந்த பக்தி. பெயர் மதியழகன், கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறாராம்.

"செசில் சார் வீடு இதுதானுங்களா?"

நான் வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்தப் பெயரைக் காதால் கேட்டு எத்தனையோ வருடமாகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து இவர் வந்துவிட்டார்.

"சார், நீங்கதானே செசில் சார்? கரி வண்டி டிரம்மர்?"

இவர் சிரித்துக்கொண்டே, "ஆமா ஆமா, வாங்க வாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் பெயர் ஞானப்பிரகாசம். செசில் அல்ல.

காபி போட்டேன். வந்தவர் என்னிடம் "சக்கரை கம்மியாம்மா" என்றதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

யார் எவர் என்பதை எழுதி வைக்கிறேன். இவர்கள் போகிற போக்கில் எனக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறது.

'கரி வண்டி' என்பது பொன்மலை ரயில்வே காலனியில் ஆரம்பித்த ராக் குழு. எழுபத்தேழிலிருந்து எழுபத்தொன்பது முடிய ஓடியது. டெரன்ஸ் கிதார் வாசித்துப் பாடுவான். பெஞ்சமின் பேஸ் கிதார். இருவரும் இப்போது உயிரோடு இல்லை. டிரம்ஸ் வாசித்தது நான். காந்தி மார்க்கெட் அரிசி மண்டி சவரிமுத்து மகள் செசிலி. கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவில் டிரம் அடிக்க வேண்டிய பையனுக்கு அம்மை போட்டதால் என் கையில் குச்சியைக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் யாராலும் அதைத் திருப்பி வாங்க முடியவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். அதனால் சுவரொட்டியில் 'செசில்' என்று போடச் சொன்னேன். தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்து, டெரன்ஸின் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசிப்பேன். இவர் அப்போது ஒர்க்‌ஷாப்பில் வயர்மேன். சிங்கப்பூர் மாமா கொடுத்த ஸ்பூல் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் கச்சேரி எல்லாவற்றுக்கும் வருவார். ஒரு ஓரமாக உட்கார்ந்து பதிவு செய்வார். டிரம்ஸைத் துடைக்கச் சொன்னால் துடைப்பார். வாசிக்க வராது.

டெரன்ஸ் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குக் குடிபோனபோது அந்த டேப்புகளையும் கொண்டு போனான். அவன் செத்த பிறகு அவன் தங்கை மதியழகனுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் அவற்றைச் சுத்தம் செய்து வாரம் ஒரு பாட்டாக யூடியூபில் போடுகிறார். ஆகஸ்டில் இசைத்தட்டாகவும் வரப்போகிறதாம்.

"எதுக்கு ஆமான்னு சொன்னீங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"ஆமா, காபி நல்லா இருந்துச்சு" என்றார்.

வேண்டுமென்றே பேச்சை மாற்றுகிறார். எழுபது வயதில் திமிர்.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கோயம்புத்தூரிலிருக்கும் மகள் ஜெனிட்டாவுக்குப் போன் போட்டு, யூடியூபில் தேடுவது எப்படி என்று கேட்டுக்கொண்டேன். தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுப் பாடல்களைக் கேட்டேன். தோசை கருகியது. இன்னொன்று ஊற்றினேன். அதுவும் கருகியது.

நான் நன்றாக வாசித்திருக்கிறேன். யாரும் சொல்லப் போவதில்லை, ஆகவே நானே எழுதுகிறேன். நன்றாக வாசித்திருக்கிறேன்.

கீழே ரசிகர்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். "இது நம்ம திருச்சியா, நம்பவே முடியலை." "டிரம்மர் யாருப்பா, வெறி பிடிச்ச மனுஷன்." "எங்க பெரியப்பா இந்த ஷோ பாத்திருக்காரு, சொன்னா நாங்க சிரிப்போம், மன்னிச்சிரு பெரியப்பா." ஒருத்தன் மட்டும் குறை சொல்லியிருக்கிறான்: "ரெக்கார்ட் பண்ணவனுக்கு அறிவே இல்லை. மைக்கைக் கொண்டுபோய் டிரம்ஸ் பக்கத்துல வெச்சிருக்கான். கிட்டார் சுத்தமா கேக்கலை."

உண்மைதான். கிதார் தூரத்தில் கேட்கிறது. நாங்கள் வாசித்த ரயில்வே இன்ஸ்டிடியூட் மேடையில் பிளக் பாயின்ட் டிரம்ஸுக்குப் பின்னால்தான் இருந்தது. அதனால் இருக்கும்.

ஜூன் 11, செவ்வாய்

ஒவ்வொரு பாட்டும் என் கட்டைக் குரலில்தான் ஆரம்பிக்கிறது. நான் எண்ணிக் கொடுத்தால்தான் மற்றவர்கள் எடுப்பார்கள். "லாபம், ரெண்டு, மூணு, நாலு."

மண்டியில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படி எண்ண வரும். அரிசி அளக்கும்போது அப்பா முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்று நீட்டிப் போட்டுவிட்டு அடுத்த படிக்குத்தான் ரெண்டு என்பார். எந்த மண்டியிலும் அப்படித்தான். நடக்கப் பழகும்போதே என் காதில் விழுந்த கணக்கு அது. முதல் நாள் ஒத்திகையில் நான் லாபம் என்றதும் டெரன்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அது இல்லாமல் அவனுக்குப் பாட்டு வரவில்லை.

ரசிகர்கள் காதில் இது எப்படி விழுந்திருக்கிறது தெரியுமா. "லவ் எம்." ஆங்கிலத்தில், அவர்களை நேசி என்று. ராக் என்றால் ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும் என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். "முதல் சொல்லை இங்கிலீஷ்ல சொல்லி அப்புறம் தமிழுக்கு வர்றாரு பாருங்க, அதுல ஒரு அரசியல் இருக்கு" என்று ஒருவர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். முன்வரிசையில் அவருடைய காதலி உட்கார்ந்திருந்தாள், அவளுக்குச் சொன்னது என்கிறார் இன்னொருவர். கறுப்புச் சட்டையில் 'லவ் எம்' என்று அச்சடித்து விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

என்னால் பொறுக்கவில்லை. "அது லாபம். அரிசி அளக்கிற லாபம்" என்று நானும் கீழே எழுதினேன்.

மதியத்துக்குள் பதில் வந்தது. "ராக் பாட்டுல லாப நஷ்டக் கணக்கா? ஆன்ட்டி, நீங்க போய் சமையல் சேனல் பாருங்க."

சமையல் சேனலாம். வாசித்தவளே நான்தானடா தடிமாடு. இதை அங்கே எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

சாயங்காலம் தலையணைப் பஞ்சு கெட்டியாகிவிட்டது என்று இரண்டு கரண்டிக் காம்பால் அடித்து உதிர்த்தேன். கொஞ்ச நேரம்.

ஜூன் 16, ஞாயிறு

சென்னையிலிருந்து ரசிகர்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். இவருக்குப் பொன்னாடை. இவரை நடுவில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். "சார், அந்த ரெண்டாவது பாட்டுல டிரம்ஸை உருட்டுற ரோல் எப்படி சார்?" என்று ஒருவன் கேட்க, இவர் அவன் தோளைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா, சிரிச்சே மழுப்புறாரு. பெரிய கலைஞர்கள் சொல்லித் தர மாட்டாங்க" என்று அவன் நண்பனிடம் சொன்னான்.

அவர்களிடம் ஒரு பழைய போட்டோ இருக்கிறது. டிரம்ஸுக்குப் பின்னால் இவர் உட்கார்ந்திருக்கிறார். கச்சேரிக்கு முன் மைக் சரிபார்க்க உட்கார்ந்தபோது டெரன்ஸ் எடுத்தது. நான் வாசிக்கும் போட்டோ எதுவும் கிடையாது. நான்தான் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன், அப்பாவுக்குப் பயந்து.

எல்லோருக்கும் கேசரி கிளறினேன். முந்திரி போடவில்லை.

ஜூன் 17, திங்கள்

ஜெனிட்டா போன். "அப்பா டிரம்ஸ் வாசிப்பாராம்மா? எங்க ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறாங்க. ஏம்மா எனக்குச் சொல்லவே இல்லை?"

என்ன சொல்ல. அப்பாவுக்கு விஷயம் தெரிந்த அன்று என் குச்சிகளை விறகடுப்பில் வைத்தார். அன்றைக்குச் சோறு சீக்கிரம் வெந்தது என்று அம்மா சொன்னாள். அடுத்த வருடமே கல்யாணம். மாப்பிள்ளை இவர்தான் என்பதால் நான் தப்பித்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். மாமியார் வீட்டில் டிரம்ஸ் என்ற பேச்சே எழவில்லை. பிறகு பிள்ளை, பள்ளிக்கூடம், மாமியாரின் படுக்கை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"அப்பா வாசிக்கலை. நான் வாசிச்சேன்" என்றேன்.

"விளையாடாதம்மா" என்று சிரித்தாள்.

தலையணை அடித்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பர்வீன் மதில் மேல் எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுல எத்தனை தலகாணிக்கா இருக்கு, தெனம் அடிக்கிறீங்க?" என்றாள். பஞ்சு சரியில்லை என்றேன். "தாளமா அடிக்கிறீங்களே" என்றாள்.

ஜூலை 2, செவ்வாய்

மதியழகன் இசைத்தட்டு அட்டையின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார். அட்டை முழுக்க இவருடைய போட்டோ. கீழே: டிரம்ஸ், செசில்.

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் சவரிமுத்து மகள் இல்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"தம்பி, செசில்ங்கிறது நான். செசிலி. டிரம்ஸ் நான்தான் வாசிச்சேன்."

அவர் மரியாதையான மனிதர். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"அம்மா, நீங்களும் அந்தக் குழுவோட இருந்திருக்கீங்கன்னு புரியுது. சாருக்கு எவ்வளவு ஒத்தாசையா இருந்திருப்பீங்க."

"ஒத்தாசை இல்ல. வாசிச்சேன். நீங்க எல்லாரும் லவ் எம்னு சொல்றீங்களே, அது லாபம். எங்கப்பா அரிசி மண்டி."

"அதை ஒருத்தர் கமெண்ட்லகூட எழுதியிருந்தாங்க."

"அது நான்."

அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து இவர் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டார். "சார், அம்மா சொல்றாங்க... டிரம்ஸ் வாசிச்சது நீங்கதானே சார்?"

நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சிரித்தார்.

"ஆமா ஆமா."

ஜூலை 3, புதன்

தலையணை அடித்தேன். ஒன்று கிழிந்தது.

ஜூலை 5, வெள்ளி

இவரோடு பேசவில்லை. பேசாததை இவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ரேஷன் கடைக்குப் போகும் முன் குக்கரை அடுப்பில் வைத்து, மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டுப் போனேன். முதுகைக் காட்டிச் சொன்னேன், கோபம் இன்னும் தீரவில்லை. திரும்பி வரும்போது தெருமுனை வரை தீய்ந்த வாசனை. குக்கர் கத்திக்கொண்டிருக்கிறது, பர்வீன் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கிறாள், இவர் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்.

அவ்வளவு திமிர் யாருக்கும் இருக்க முடியாது.

ஜூலை 10, புதன்

காலையில் இவர் முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தாம்பாளத்தைத் தரையில் போட்டேன்.

எடுத்துக் கழுவி வைத்தேன். மீன் வாங்கவில்லை இன்றைக்கு. ரசம் போதும்.

ஜூலை 12, வெள்ளி

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி இவர் முன்னால் வைத்தேன். "காது கேட்கவில்லையா?"

தாளைப் படித்தார். பிறகு, "வலது பக்கம் போயி ரெண்டு வருஷமாச்சு. இடது பக்கம் தீபாவளிக்கு அப்புறம்" என்றார். சத்தமாகச் சொன்னார். இவர் குரல் ஏன் இப்படி ஏறிக்கொண்டே போகிறது என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேனே, அதற்கும் இதுதான் காரணம்.

அடுத்து எழுதினேன். "டிரம்ஸ் வாசித்தது நீங்களா என்று கேட்டது கேட்டதா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மொத நாள் கேக்கலை. என்னமோ கேக்குறாங்கன்னு தலையாட்டினேன். அப்புறம் அந்த அட்டையைப் படிச்சப்போ புரிஞ்சுது." தாளைத் திருப்பி வைத்தார். "ஆளுங்க வீட்டுக்கு வர்றாங்க, செசிலி. ரிட்டையர் ஆனதுலேருந்து இந்தப் படி யாரு ஏறுனா? நான் பேசாட்டியும் அவங்களே பேசிக்கிறாங்க. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு."

பாடல்களைப் போட்டுப் பார்த்தாராம், தனியாக இருக்கும்போது. போனைக் காதோடு வைத்தால் லேசாக அதிர்கிறதாம். மற்றபடி ஒன்றும் இல்லையாம். இவர் பிடித்த சத்தம் ஊருக்கெல்லாம் கேட்கிறது, இவருக்குக் கேட்கவில்லை.

"நான் போயி இல்லைன்னு சொல்லிடவா?" என்று கேட்டார்.

எழுதாமல், முகத்துக்கு நேராக வாயசைத்துச் சொன்னேன். "நீங்க சொல்லித்தான் எனக்குப் பேரு வரணுமா? வேணாம்."

இவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பாவமாக இருக்கிறது என்பதற்காக என் பெயரைத் தூக்கிக் கொடுக்க முடியாது. ஒரு தடவை அப்பாவுக்குப் பயந்து அதில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தேன். இனிமேல் யாருக்கும் எதையும் வெட்டித் தருவதாக இல்லை.

ஜூலை 15, திங்கள்

இவரைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனேன். வர மாட்டேன் என்றார். காது கேட்காதவரிடம் சண்டை போடுவதில் ஒரு லாபம், நான் சொல்வதை அவரால் மறுக்க முடியாது. மெஷின் வைக்க வேண்டுமாம். வர ஒரு மாதம் ஆகும்.

ஜூலை 27, சனி

மதியழகன் அழைப்பிதழ் கொடுத்துவிட்டுப் போனார். ஆகஸ்ட் 11, பொன்மலை இன்ஸ்டிடியூட் ஹால். நாங்கள் வாசித்த அதே ஹால். இசைத்தட்டு வெளியீடு. ஒரு புதுக் குழு 'கரி வண்டி' பாடல்களை வாசிக்கும். செசில் சார் மேடையில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை எண்ணிக் கொடுத்தால் போதும், அப்புறம் அந்தக் குழுவின் டிரம்மர் பார்த்துக்கொள்வான்.

"அம்மாவும் கண்டிப்பா வரணும். முன் வரிசையில சீட் போட்டிருக்கேன்" என்றார், என் கண்ணைப் பார்க்காமல்.

"வராம?" என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

ரோஜாச் செடிக்கு முட்டுக் கொடுக்கக் குச்சி தேவைப்பட்டது. மெயின் கார்டு கேட் பக்கம் ஒரு வாத்தியக் கடையில் நல்லதாக ஒரு ஜோடி கிடைத்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முட்டி வலி. வலது கால் பெடல் அழுத்துவது மாதிரி அழுத்தினால் வலிக்கிறது. எதற்காக அப்படி அழுத்திப் பார்த்தேன் என்று கேட்டால் பதில் கிடையாது.

ஆகஸ்ட் 10, சனி

இவர் சட்டையை இஸ்திரி போட்டேன். என் பச்சைக் காட்டன் புடவையையும். குதிகால் வலிக்குக் கேன்வாஸ் ஷூ நல்லது என்று ஜெனிட்டா போன வருடம் வாங்கித் தந்தது பெட்டியிலேயே கிடந்தது, எடுத்துத் துடைத்தேன். புடவைக்கு ஷூவா என்று பர்வீன் சிரித்தாள். அவளையும் கூட வரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஹால் நிறைந்திருந்தது. பாதிப்பேர் 'லவ் எம்' சட்டையில். எனக்குத் தெரிந்த ஹால்தான், ஆனால் மேடையை உயர்த்தியிருக்கிறார்கள். முன் வரிசையில் எனக்கு ஒரு பக்கம் பர்வீன், இன்னொரு பக்கம் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஜெனிட்டா. கைப்பையை மடியில் வைத்திருந்தேன். குச்சிகளின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஜெனிட்டா அதைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மதியழகன் பேசினார். நன்றாகத்தான் பேசினார். இந்தப் பாடல்களை எத்தனை இரவு கேட்டார், அந்த எண்ணிக்கையைக் கேட்கும்போதெல்லாம் எப்படிச் சிலிர்க்கும் என்றெல்லாம் சொன்னார். பிறகு இவரைக் கூப்பிட்டார். இவருக்குக் கேட்கவில்லை. ஒரு பையன் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய் டிரம்ஸுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்காரவைத்தான். கைத்தட்டல் அடங்கவே இல்லை.

"சார் இப்ப எண்ணுவார். நாம எல்லாரும் கூடவே எண்ணுவோம்" என்று மதியழகன் மைக்கை இவர் வாயருகே வைத்தார்.

ஹாலில் சத்தம் நின்றது. இவர் மைக்கைப் பார்த்தார். சிரித்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் இங்கே செல்லவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். இவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வாடியது. கண் முன் வரிசையில் யாரையோ தேடியது.

எனக்கு இவர் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அந்த மனிதரை முழிக்க விட நான் தயாராக இல்லை. என் முறை வந்துவிட்டது என்றும் தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"லாபம்."

மைக் இல்லாமல், மண்டியில் அப்பா நீட்டுவது போலவே நீட்டினேன். எல்லாத் தலையும் திரும்பியது. மதியழகன் மேடையில் அப்படியே நின்றுவிட்டார். அந்த ஒரு சொல்லை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டு, அதைச் சுற்றியிருந்த இரைச்சலையெல்லாம் எடுத்தவர் அவர். அந்தக் குரல் அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

இவருக்கு நான் சொன்னது கேட்டிருக்காது. ஆனால் தலைகள் திரும்பிய பக்கம் பார்த்தார். நான் நிற்பதைப் பார்த்தார். ஸ்டூலிலிருந்து எழுந்தார். எழுந்து, தோளில் போட்டிருந்த துண்டால் ஸ்டூலைத் துடைத்துவிட்டு, ஒரு பக்கமாக நகர்ந்து நின்றார்.

படி ஏறினேன். முட்டி வலித்தது, பரவாயில்லை. ஷூ இருந்தது. உட்கார்ந்து, பையிலிருந்து குச்சிகளை எடுத்து, புதுக் குழுவின் பையன்களைப் பார்த்தேன்.

"எடுப்பீங்கல்ல?"

"எடுப்போம் பாட்டி" என்றான் கிதார்க்காரன்.

"பாட்டி எல்லாம் வீட்டுல. லாபம், ரெண்டு, மூணு, நாலு."

உள்ளதை எழுதுகிறேன். மூன்றாவது அடியில் கால் பின்தங்கியது. நடுவில் ஒரு இடத்தில் ரோல் வரவில்லை, வெறும் கையை வைத்துச் சமாளித்தேன். ஆனால் கடைசிப் பகுதிக்கு வந்தபோது கை அதுவாகவே போயிற்று. அப்பா அடுப்பில் வைத்தது குச்சியை மட்டும்தான். பக்கத்தில் பார்த்தால் இவர் குனிந்து, பெரிய டிரம்மின் மரச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். கண்ணை மூடியிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மைக்கை வாங்கினேன். "செசில்னு போடச் சொன்னது நான்தான். எங்கப்பாவுக்குப் பயந்துக்கிட்டு. அவரு போயி ரொம்ப நாளாச்சு, பயமும் போயிருச்சு. என் பேரு செசிலி. அது லவ் எம் இல்ல, லாபம். அரிசி அளக்கிற லாபம்." பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். "இன்னொன்னு. இவரு செசில் இல்லை. இவரு ஞானப்பிரகாசம். நீங்க ராத்திரி பகலாக் கேக்குறீங்களே, அந்த டேப் எல்லாம் பிடிச்சது இவருதான். அதை யாராவது ஒருத்தர் கேட்டீங்களா? பண்ணாததுக்குப் பொன்னாடை போடுறீங்க, பண்ணதை விட்டுட்டீங்க."

மதியழகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டை எல்லாம் அச்சாகிவிட்டதே அம்மா என்றார். பேனா இருக்கிறதா என்று கேட்டேன்.

தமிழில் அது ஒரு வசதி. செசில் என்பதில் கடைசி எழுத்தின் மேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கொக்கி வளைத்து இழுத்தால் செசிலி. ஹால் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, இசைத்தட்டு வாங்கியவர்களுக்கெல்லாம் கொக்கி போட்டுக் கொடுத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து 'ஒலிப்பதிவு: ஞானப்பிரகாசம்' என்று இவர் எழுதினார். ஜெனிட்டா வரிசையில் நின்று வந்து அவளுடையதை நீட்டினாள். யார் பேருக்கு என்று கேட்டேன். "சாரி அம்மான்னு போடு" என்றாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

விரல் வீங்கியிருக்கிறது. தைலம் தேய்த்தேன்.

யூடியூபில் நேற்றைய நிகழ்ச்சியைப் போட்டிருக்கிறார்கள். நல்லதாக நிறைய எழுதியிருக்கிறார்கள். "எல்லாம் செட்டப். அந்தக் காலத்துல ஒரு பொண்ணு இப்படி அடிச்சிருக்க முடியாது" என்றும் ஒருவன். இந்தத் தடவை நான் இங்கே எழுதவில்லை, அங்கேயே எழுதினேன். "பொன்மலைக்கு வா தம்பி. பக்கத்தில் உட்கார வைத்து அடிக்கிறேன். டிரம்ஸை."

ஆகஸ்ட் 14, புதன்

காது மெஷின் வந்தது. மாட்டிவிட்டேன். எல்லாம் தகரத்தில் பேசுவது போல இருக்கிறதாம். பழகிவிடும் என்றார் டாக்டர்.

வெகு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "மைக்கை எதுக்கு டிரம்ஸ் பக்கத்துலயே வெச்சீங்க? கிட்டார் கேக்கலைன்னு எல்லாரும் திட்டுறாங்க. பிளக் பாயின்ட் அங்கதான் இருந்துச்சா?"

"பிளக் பாயின்ட் வாசப் பக்கம். வயரை அங்கேருந்து இழுத்துட்டு வந்தேன்."

"அப்புறம் ஏன்?"

"கிட்டாரைக் கேக்கவா வந்தேன்" என்றார்.

குழம்புக்குப் புளி கரைக்க வேண்டியிருந்தது. எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா விண்ணேற்புத் திருவிழா. பூசைக்குப் போய் வந்தோம். சமையலுக்கு இன்றைக்கு இவரே அரிசி அளந்தார். மெஷினைக் கழற்றி வைத்துவிட்டதால் தெருவுக்கே கேட்கும்படி "லாபம்" என்றார். நான் ரெண்டு என்றேன். எங்கள் இருவருக்கும் ரெண்டு ஆழாக்கு போதும்.

சாயங்காலம் தலையணைகளைக் கட்டிலில் வரிசையாக வைத்து, குச்சிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பர்வீன் கேட்டாள். "இன்னிக்கும் தலகாணியாக்கா?"

"இல்ல பர்வீன். டிரம்ஸ்."